மாஸ்டர் பதில்கள்: ‘குண்டு ரொனால்டோ’ என்று சொல்லலாமா?

போன இதழில் ஒரு வாசகர், “உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஃபார்வர்டு யார்?” என்று கேட்டிருந்தார். “பிரேசில் ரொனால்டோ. அதுவும் முட்டி போன பிறகு ஆடிய ரொனால்டோ” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறீர்கள், மீதிப் பேர் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம்தான் அதிகம். அங்கே பந்து உருளாத தெரு ஏது? அதனால் இந்த இதழில் கிரிக்கெட், கபடிக் கேள்விகள் எல்லாம் கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும்.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர், ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு: சார், ரொனால்டோ என்றாலே என் பையன் கிறிஸ்டியானோ என்கிறான். நம்ம ஆளை ‘குண்டு ரொனால்டோ’ என்று சொல்லிச் சிரிக்கிறான். நாலு போடலாமா?

கையை இறக்குங்க. பையன் பார்த்தது கடைசி நாலைந்து வருஷத்து வீடியோவாக இருக்கும். அவனை உட்கார வைத்து, 1996 அக்டோபர் 12 அன்று பார்சிலோனாவுக்காக கொம்போஸ்டெலா அணிக்கு எதிராகப் போட்ட கோலை மட்டும் காட்டுங்கள். தன் பாதி மைதானத்திலேயே பந்து காலுக்கு வருகிறது. ஒருத்தன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறான். சட்டை நீளுகிறது, ஆள் நிற்கவில்லை. இன்னொருத்தன் காலை விடுகிறான், அவனும் போய்விட்டான். கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்குள் ரெண்டு பேர் நடுவில் பந்தைத் தள்ளி, விழப்போகிற நேரத்தில் அடிக்கிறார். கோல். அதோடு டிவியை நிறுத்திவிடாதீர்கள். அடுத்து கோச் பாபி ராப்சனைக் காட்டுவார்கள். ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்துத் திரும்புவார். அந்த மனிதர் அதற்கு முன்பு இங்கிலாந்து அணிக்கே கோச்சாக இருந்தவர், பார்க்காத ஆட்டமில்லை.

அப்போது ரொனால்டோவுக்கு வயசு 20. அந்த ஒரே பருவத்தில் பார்சிலோனாவுக்கு 49 ஆட்டங்களில் 47 கோல். அந்த வருஷமே உலகின் சிறந்த வீரர் விருது, அடுத்த வருஷம் மறுபடியும் அதே விருது. பருவம் முடிந்ததும் இன்டர் மிலான் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அதற்கு முந்தைய கதையையும் பையனுக்குச் சொல்லுங்கள். 1993இல் குருசெய்ரோ கிளப்புக்கு வந்து சேர்ந்தபோது 16 வயசுப் பையன். அந்த நவம்பரில் பாஹியா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல். அதில் ஒன்று விசேஷம். உருகுவே நாட்டு கோல்கீப்பர், ரொடோல்ஃபோ ரொட்ரிகஸ் என்று பெரிய பேர் வாங்கிய ஆள், பந்தைப் பிடித்துவிட்ட தைரியத்தில் சாவகாசமாகக் கீழே விட்டார். பின்னால் ஒரு பொடியன் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது. பொடியன் பந்தைச் சுட்டுக்கொண்டு போய் வலையில் போட்டுவிட்டான். எங்கள் வேலூர் கோட்டை மைதானத்தில் இதைச் செய்தால் கீப்பரும் அவன் அண்ணனும் சேர்ந்து துரத்துவார்கள்.

பிறகு ஹாலந்தில் பி.எஸ்.வி. அணிக்கு ரெண்டு பருவம். முதல் பருவத்தில் லீகில் மட்டும் 30 கோல். இந்த 96, 97 ரொனால்டோவைப் பார்க்காதவன்தான் குண்டு என்பான். ஆனால் ஒன்று, நான் விரும்புவது இந்த ரொனால்டோவையும் இல்லை. அதை வாணியம்பாடி பாயின் கேள்வியில் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: என் மகன் எட்டாவது படிக்கிறான். பந்து, பந்து என்று அலைகிறான். வேலூருக்குப் பயிற்சிக்கு வர வாரத்துக்கு மூன்று நாள் பஸ் செலவு. வீட்டுக்காரர் கைத்தறி. அனுப்பலாமா, நிறுத்தலாமா?

அம்மா, பஸ் செலவு என்று எழுதிவிட்டீர்களே, அந்த ஒரு வார்த்தையில் ரொனால்டோவின் பாதிக் கதை இருக்கிறது. ரியோ டி ஜெனிரோ நகரத்தின் ஓரத்தில் பென்டோ ரிபெய்ரோ என்ற பேட்டை. அங்கே 1976 செப்டம்பரில் பிறந்த பையன். சின்ன வயசில் ஆடியது எல்லாம் ஃபுட்சால், அதாவது சிமென்ட் தரையில் சின்னப் பந்து ஆட்டம். அவனுக்கு ஃபிளமெங்கோ கிளப் என்றால் உயிர். அங்கே ஆள் எடுத்தபோது போனான். ஆனால் தினமும் வந்து போக பஸ்ஸுக்குக் காசில்லை, கிளப்பும் தரவில்லை. அதனால் சாவோ கிறிஸ்டோவாவோ என்ற சின்ன கிளப்பில் சேர்ந்தான். 1970 உலகக் கோப்பையில் ஆடிய ஜெய்ர்சின்யோ கண்ணில் பட்டது அங்கேதான். அவர் சொல்லித்தான் குருசெய்ரோ எடுத்தது.

இதைக் கேட்டுவிட்டு, ‘பார்த்தாயா, கஷ்டப்பட்டால் மேலே வரலாம்’ என்று பையனுக்கு உபதேசம் செய்யாதீர்கள். பஸ் காசில்லாமல் நின்றுபோன பையன்கள் அந்தப் பேட்டையில் எத்தனை பேரோ, அவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? நீங்கள் செய்யவேண்டியது வேறு. குடியாத்தத்திலேயே பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் ஆடுகிற பசங்களோடு விடுங்கள். இந்த வயசில் பந்து காலில் படுகிற நேரம்தான் முக்கியம், கோச்சின் விசில் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, வேலூருக்கு வரட்டும். இன்னொன்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு வருஷாவருஷம் ஆள் எடுப்பார்கள். 7, 8, 9, 11ஆம் வகுப்பில் சேருகிற பிள்ளைகளுக்கு. தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. தேர்வு அறிவிப்பு வரும்போது ஏமாந்துவிடாதீர்கள். பையனின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் வாங்கும் சான்று எல்லாம் இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கடைசி நாளில் ஜெராக்ஸ் கடையில் நின்று அழுகிற அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ராணிப்பேட்டை வாசகர்: 1998 ஃபைனலில் ரொனால்டோவுக்கு மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தார்கள், காசு வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்று எங்கள் டீக்கடையில் இன்னமும் சண்டை. உண்மை என்ன?

டீக்கடைச் சண்டையைத் தீர்த்துவைக்க நான் யார்? தெரிந்ததைச் சொல்கிறேன். ஜூலை 12, ஃபைனல் நாள். மத்தியானம் ஓட்டல் அறையில் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. கூட இருந்த ரொபெர்டோ கார்லோஸ்தான் கத்திக்கொண்டு ஓடி ஆள் கூப்பிட்டார். பாரிஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் கோச் சகாலோ கொடுத்த பட்டியலில் ரொனால்டோவுக்குப் பதில் எட்முண்டோ பெயர். ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ரொனால்டோ ஸ்டேடியத்துக்கு வந்து ‘நான் ஆடுகிறேன்’ என்றார். பட்டியல் மாறியது. பிரான்ஸ் 3-0. ஜிதான் தலையால் ரெண்டு.

பின்னால் பிரேசில் நாடாளுமன்றமே விசாரணைக் குழு போட்டு ரொனால்டோவைக் கூப்பிட்டுக் கேட்டது. ஷூ கம்பெனி ஒப்பந்தத்துக்காக ஆட வைத்தார்களா என்பதுதான் சந்தேகம். ஒன்றும் நிரூபணமாகவில்லை. என் கணக்கு எளிது. மத்தியானம் வலிப்பு வந்த 21 வயசுப் பையனை ராத்திரி ஆட விட்டிருக்கக் கூடாது. அவன் ஆடுகிறேன் என்றுதான் சொல்வான். காய்ச்சலோடு வந்து ‘ஒண்ணும் இல்ல சார், சும்மா சளி’ என்று சொல்கிற பையனை எந்தப் பி.டி. வாத்தியார் பார்த்ததில்லை? வேண்டாம் என்று சொல்வதற்குத்தானே பெரியவர்கள் பக்கத்தில் இருக்கிறோம். காசு, சதி எல்லாம் அதற்குப் பிறகு.

நம் ஊரில் அந்த ஆட்டம் ராத்திரி பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. முதல் பாதி முடியும்போது 2-0. எங்கள் தெருவில் ரெண்டாம் பாதிக்கு விளக்கு எரிந்த வீடுகள் குறைவு.

திருப்பத்தூர் வாசகர்: பெலே பெரியவரா, ரொனால்டோ பெரியவரா?

பெலே. அடுத்த கேள்வி.

வேலூர் பாகாயத்திலிருந்து ஒரு பிசியோதெரபி மாணவி: ரொனால்டோவின் முட்டியில் உண்மையில் என்னதான் நடந்தது? ஆட்டக்காரராக இருந்தவர் பார்வையில் சொல்லுங்கள் சார்.

நீங்கள் படிக்கிற பாடத்தை என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள். தப்பிருந்தால் உங்கள் பேராசிரியரிடம் காட்டாதீர்கள்.

முட்டிச் சில்லுக்குக் கீழே கையை வைத்துக் காலை நீட்டினால் கயிறு மாதிரி ஒன்று விறைக்கும். சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கிற தசைநாண் அது. தொடையின் முன்பக்கத் தசை எவ்வளவு பலமாக இழுத்தாலும், அந்த இழுப்பு முழுக்க அந்தக் கயிறு வழியாகத்தான் காலுக்குப் போகும். ஓடுவதில் அதற்குக் கஷ்டம் குறைவு. கஷ்டம் எல்லாம் நிற்பதில். முழு வேகத்தில் போகிறவன் ஒரே எட்டில் நின்று, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி கிளம்புகிறான் பாருங்கள், அந்த நிற்கிற எட்டில் உடம்பின் எடையைப் போல் பல மடங்கு அந்த நாண் மேல் விழுகிறது. ரொனால்டோவின் ஆட்டமே அந்த எட்டுதான். மற்றவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்புவார்கள். இவர் வேகத்தோடேயே காலைப் பந்தின் மேல் சுழற்றி, இடமோ வலமோ வெட்டுவார். அவர் தொடையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தொடையின் சக்திக்கு அந்த நாண் ஈடு கொடுக்கவில்லை.

ஹாலந்தில் இருந்தபோதே, 1996இல், முட்டியில் ஒரு அறுவை நடந்துவிட்டது. இன்டருக்குப் போன பிறகு 1999 நவம்பர் 21, லெச்சே அணியோடு ஆட்டம். வலது முட்டி நாண் கிழிந்தது. அறுவை. ஐந்து மாதம் கூட முழுசாக ஆகவில்லை, 2000 ஏப்ரல் 12, ரோமில் லாட்சியோவோடு இத்தாலியக் கோப்பை ஃபைனல், முதல் ஆட்டம். ரெண்டாம் பாதியில் இறக்கினார்கள். உள்ளே வந்து ஏழு நிமிஷம் ஆகியிருக்கும். பந்தோடு வருகிறார், பெட்டிக்கு முன்னால் காலைச் சுழற்றுகிறார், யாரும் தொடவில்லை. முட்டி அப்படியே மடங்கி விழுந்தார். இந்த முறை நாண் முழுக்க அறுந்துபோய்விட்டது. கீழே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் சில்லு தொடைப் பக்கம் மேலே ஏறிவிட்டது. அந்த வீடியோவை ஒரு முறைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. பசங்களுக்கும் காட்டுவதில்லை.

பாரிஸில் ஜெரார் சையான் என்ற மருத்துவர் தைத்தார். அடுத்த பருவம் முழுக்க ஒரு ஆட்டம் கூட இல்லை. நில்டன் பெட்ரோன் என்ற பிசியோதெரபிஸ்ட் கூடவே இருந்து முட்டியை மடக்கப் பழக்கினார். உங்கள் தொழிலில் சேரப்போகிறீர்கள், அதனால் சொல்கிறேன்: பிரேசில் ஜெயித்த 2002 உலகக் கோப்பை என்றால் எல்லோரும் கோச் ஸ்கொலாரியைச் சொல்வார்கள். எனக்கு அந்த பிசியோ ஞாபகம்தான் வரும்.

வேலூர்க்காரர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் நம் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வைத்து அறுவை செய்யத் தொடங்கினார். வைத்த நாணுக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க அதன் பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டர் மேரி வர்கீஸ் மறுவாழ்வுத் துறையை நடத்தியதும், 1966இல் உங்கள் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்ததும் உங்களுக்குத் தெரியாததில்லை. தையல் போடுவது ஒரு நாள் வேலை, மீதி எல்லாம் உங்கள் கையில்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் அப்பா அம்மாக்களுக்கு ஒன்று. பன்னிரண்டு முதல் பதினைந்து வயசுப் பையன் ஓடி ஆடிவிட்டு வந்து, முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பில் கை வைத்தால் வலிக்கிறது என்கிறானா? அங்கே சின்ன மேடு தெரிகிறதா? அதே நாண் எலும்பில் ஒட்டுகிற இடம் அது. வளர்கிற வயசில் வரும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆட்டத்தைக் குறையுங்கள், ஐஸ் வையுங்கள், வலி விடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு உருவி, சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். சிமென்ட் ரோட்டில் ஓட விடாதீர்கள். பாலாற்றில் மணல் இருந்த காலத்தில் அதில்தான் ஓட விடுவோம். இப்போது ஆற்றில் மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை. மைதானத்தில் புல்லோ செம்மண்ணோ இருக்கிற ஓரமாகப் பார்த்து ஓடட்டும்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய்: மாஸ்டர், 2002 குவார்ட்டர் ஃபைனல் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போவதா, பிரேசில் இங்கிலாந்து பார்ப்பதா என்று எங்கள் தெருவே தவித்தது. அந்த ஆட்டத்தில் ரொனால்டோ கோலே போடவில்லை. அப்படியிருக்க முட்டி போன ரொனால்டோதான் பெரியவர் என்கிறீர்களே?

பாய், உங்கள் தெரு மட்டுமா! ஜூன் 21, பகல் 12 மணிக்கு ஆட்டம். ரிவால்டோ ஒன்று, ரொனால்டினியோ தூரத்திலிருந்து தூக்கிப் போட்ட ஃப்ரீகிக் ஒன்று. கீப்பர் சீமன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை எனக்கு ஸ்கோர் தெரியாது. எதிர் டீக்கடைப் பையன் காம்பவுண்டுக்கு வெளியே நின்று விரலைக் காட்டினான், 2-1. ரொனால்டோ அந்த உலகக் கோப்பையில் கோல் போடாத ஒரே ஆட்டம் அது. மற்ற ஆறு ஆட்டத்திலும் போட்டார், மொத்தம் 8.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். 1996 ரொனால்டோவிடம் பந்து வந்தால் ஆறு பேரைத் தாண்டுவார். 2002 ரொனால்டோ அதைச் செய்யவில்லை. செய்ய முட்டி விடாது என்று அவருக்குத் தெரியும். அந்த 8 கோலையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை பெட்டிக்குள், ரெண்டு மூன்று தொடுதலில் முடிந்தவை. ஆறு பேரை ஓடித் தாண்டியவர், ஆறு பேரும் இல்லாத இடத்தில் போய் நிற்கக் கற்றுக்கொண்டார். அந்த ரெண்டு வருஷம் படுக்கையிலும் ஜிம்மிலும் கிடந்தபோது தன் ஆட்டத்தையே பிரித்து மறுபடி கோத்துவிட்டார். எத்தனையோ ஃபார்வர்டுகள் வேகம் போன பிறகும் பழைய ஞாபகத்தில் அதே ஓட்டத்தை ஓடிப்பார்த்து வீணானார்கள். அதனால்தான் எனக்கு இந்த ரொனால்டோ.

செமி ஃபைனல் கோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 26, துருக்கி. 49ஆவது நிமிஷம். இடது பக்கமிருந்து பந்தோடு வருகிறார், சுற்றி துருக்கி ஆட்கள். அடிக்க இடமில்லை, காலைப் பின்னால் எடுக்க நேரமில்லை. எடுத்தால் எவனாவது பந்தைத் தட்டிவிடுவான். ஓடுகிற எட்டிலேயே, காலை ஓங்காமல், ஷூ முனையால் ஒரு குத்து. டோ. கீப்பர் ருஷ்து கையை வைத்தார், பந்து கையில் பட்டும் உள்ளே போனது. ஏன் தெரியுமா? கால் பின்னால் போனால்தான் கீப்பருக்கு ‘இதோ வருகிறது’ என்று தெரியும், அதைப் பார்த்துத்தான் குதிக்கத் தயாராவார். இதில் அந்த அறிவிப்பே இல்லை. சின்ன வயசில் ஃபுட்சால் தரையில் ஆடியவன் கால் அது, அங்கே எல்லோரும் டோவில்தான் அடிப்பார்கள்.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த நாள் எங்கள் பசங்க எல்லாம் டோவில் அடித்தார்கள். “இன்னா சார், ரொனால்டோ அடிச்சா கோலு, நான் அடிச்சா திட்டு” என்று ஒருத்தன் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: நேரமில்லாமல் டோவில் அடித்தால் கோல், பழக்கமில்லாமல் டோவில் அடித்தால் பந்து கோட்டை அகழியில்தான் போய் விழும்.

அதே செமி ஃபைனலுக்குத்தான் முன்னந்தலையில் மட்டும் முக்கோணமாக முடியை விட்டு மீதியை வழித்துக்கொண்டு வந்தார். தொடை இடுக்கில் வலி இருந்தது, பத்திரிகைக்காரர்கள் எல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள், முடியை இப்படி வெட்டியதும் வலியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். ஜூலை மாதம் எங்கள் பள்ளி ஹெட்மாஸ்டர் அந்த முடியோடு வந்த பையன்களைப் பிரேயரிலேயே நிறுத்தி வைத்தார்.

ஃபைனல், ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரம் மாலை நாலரை. ஜெர்மனி கீப்பர் ஆலிவர் கான் அதுவரை ஒரே ஒரு கோல்தான் வாங்கியிருந்தார். ரிவால்டோ அடித்த பந்து அவர் மார்பில் பட்டு நழுவியது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, ரொனால்டோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். ரிவால்டோ அடிக்கும்போதே ஓடத் தொடங்கிவிட்டார், கீப்பர் விடுவார் என்று எதிர்பார்த்து. ரெண்டாவது கோலில் கிளெபெர்சன் தள்ளிய பந்தை ரிவால்டோ தொடாமல் காலுக்கு நடுவே விட்டார், இவர் மூலையில் போட்டார். 2-0. அந்த முதல் கோலுக்கான ஓட்டம் 1996 ரொனால்டோவிடம் இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

காட்பாடி கல்லூரி மாணவர்: இவ்வளவு பெரிய ஆள், சாம்பியன்ஸ் லீக் ஒன்று கூட ஜெயிக்கவில்லையே?

ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதுகிற கோப்பை அது. இவருக்கு நேரம் கூடி வரவில்லை. ரியல் மாட்ரிட் 2002 மே மாதம் ஜெயித்தது, இவர் அந்தக் கோடையில்தான் அங்கே சேர்ந்தார். 2007இல் இன்டரின் அதே ஊர்க் கிளப்பான ஏ.சி. மிலான் ஜெயித்தது, இவர் ஜனவரியில் மிலானுக்கு வந்துவிட்டார். ஆனால் அதே போட்டியில் மாட்ரிட்டுக்கு ஏற்கெனவே ஆடியிருந்ததால் விதிப்படி மிலானுக்கு ஆட முடியாது. இன்டர் 2010இல் ஜெயித்தது, இவர் அப்போது பிரேசிலில்.

ஆனால் 2003 ஏப்ரல் 23 அன்று மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு, பாதியில் வெளியே போகும்போது எதிரணி ரசிகர்கள் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த ராத்திரி யுனைடெட் 4-3 என்று ஜெயித்தது, ஆனால் முதல் ஆட்டத்தையும் சேர்த்து மாட்ரிட்தான் மேலே போனது. கோப்பைகள் வைத்திருக்கிற எத்தனை பேருக்கு அந்த எழுந்து நிற்றல் கிடைத்தது?

ஜோலார்பேட்டை வாசகர்: சரி, கடைசியில் குண்டானது உண்மைதானே? ஒத்துக்கொள்ளுங்கள்.

உண்மைதான், நான் எங்கே இல்லை என்றேன்? 2006 உலகக் கோப்பைக்கே கனத்துத்தான் வந்தார். அப்படி இருந்தும் 3 கோல். கானாவுக்கு எதிரான கோல் அவருடைய 15ஆவது உலகக் கோப்பை கோல், ஜெர்மனி வீரர் கெர்ட் முல்லரின் 14 கோல் சாதனையைத் தாண்டியது. அந்தக் கோலைப் பாருங்கள். கீப்பர் எதிரே வருகிறார், காலைப் பந்துக்கு மேலே ஒரு சுழற்று, கீப்பர் ஒரு பக்கம் விழுகிறார், இவர் மறு பக்கம். 1998 யூஃபா கோப்பை ஃபைனலில் லாட்சியோ கீப்பர் மார்கெஜானியை ஏமாற்றிய அதே வித்தை. வேகம் பாதியாகியிருந்தது, ஏமாறுவது மட்டும் குறையவில்லை. அந்தச் சாதனையை ஜெர்மனியின் குளோசே 2014இல் முறியடித்தார், அதுவும் பிரேசில் மண்ணில், பிரேசில் 7-1 என்று தோற்ற அந்த ஆட்டத்தில். அதைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள்.

2008 பிப்ரவரியில் மிலானுக்கு ஆடும்போது இந்த முறை இடது முட்டி நாண் அறுந்தது. இனி முடிந்தது என்றார்கள். 2009இல் கொரிந்தியன்ஸ் கிளப்புக்கு ஆட ஊர் திரும்பினார். மார்ச் 8, பரம எதிரி பல்மெய்ராஸ். தோற்றுக்கொண்டிருக்கிற ஆட்டம், கடைசி நேரத்தில் கார்னர், தலையால் கோல், 1-1. ரசிகர்களிடம் ஓடி மைதானத்தின் கம்பி வேலியில் ஏறினார். உள்ளேயிருந்து இவர், வெளியேயிருந்து ரசிகர்கள். வேலி அப்படியே சரிந்துவிட்டது! எடையைப் பற்றிச் சிரிக்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சிரிக்கட்டும். அந்த வருஷம் அந்த கிளப்புக்கு ரெண்டு கோப்பை வந்தது.

2011 பிப்ரவரி 14 அன்று ஓய்வு அறிவித்தபோது, மிலானில் இருக்கும்போதே தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது, அதற்கான மருந்து விளையாட்டில் தடை என்பதால் எடுக்க முடியவில்லை என்றார். அந்த மாத்திரை தடைப் பட்டியலில் இல்லை என்று மருத்துவர்கள் உடனே மறுத்தார்கள். மருத்துவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். எடைக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், ரெண்டு முட்டியும் அறுந்து தைத்த ஆள் 34 வயசு வரை ஓடினாரே, அது போதாதா? நாட்டுக்காக 98 ஆட்டம், 62 கோல்.

அரக்கோணம் வாசகர், ரயில்வே: பிரேசிலில் இருந்து இந்தியாவுக்கு வந்து ஆடுகிறவர்கள் எல்லாம் அங்கே விலை போகாதவர்கள்தானே?

விலை போகாதவர் என்று நீங்கள் சொல்கிற ஆட்களில் ஒருவருக்குக் கொல்கத்தாவில் ரசிகர்கள் கோயில் கட்டாத குறை. ஜோஸே ரமிரெஸ் பரேட்டோ. போர்ட்டோ அலெக்ரே ஊர்க்காரர், ரொனால்டோ பிறந்த அதே 1976 செப்டம்பரில் பிறந்தவர். 1999இல் மோகன் பாகானுக்கு வந்தார். தேசிய லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நடுவில் கொஞ்சம் வெளியே போய்விட்டு, திரும்பி வந்து 2012 வரை அங்கேதான். ரசிகர்கள் வைத்த பேர் ‘பச்சைக் கிளி’. நம் சென்னைக்கு 2014இல் வந்த எலானோ மிட்ஃபீல்டர், ஆனாலும் அந்த முதல் இந்தியன் சூப்பர் லீக்கில் 8 கோலோடு அதிக கோல் அடித்தவர் அவர்தான். உலகக் கோப்பையில் கோல் போட்டவர்.

பிரேசிலில் ஃபார்வர்டு ஆடிப் பிழைக்கலாம் என்று கிளம்புகிற பையன்கள் ஏராளம். அங்கேயே இடம் கிடைப்பது கொஞ்சம் பேருக்கு. மற்றவர்கள் ஜப்பான், மலேசியா, வளைகுடா, இந்தியா என்று சம்பளம் எங்கேயோ அங்கே. பேரணாம்பட்டிலிருந்து சவுதிக்குப் போகிறவனை விலை போகாதவன் என்போமா?

கிறிஸ்டியானோ ஜூனியர் என்று ஒரு பிரேசில் ஃபார்வர்டு. ஈஸ்ட் பெங்காலில் ஒரு பருவம் கோலாகப் போட்டுத் தள்ளியவர், அடுத்து கோவாவின் டெம்போவுக்கு வந்தார். 2004 டிசம்பர் 5, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை ஃபைனல், மோகன் பாகானோடு. நம்மிடமிருந்து நாலு மணி நேரத் தூரம். டெம்போவின் ரெண்டு கோலும் அவருடையது. ரெண்டாவது கோலின் போது கீப்பரோடு மோதி விழுந்தவர் எழவில்லை. உயிரே போய்விட்டது. மைதானத்தில் தேவையான மருத்துவ வசதி இல்லை என்று பிறகு பெரிய சண்டை நடந்தது.

அதனால் அரக்கோணம் பக்கம் டோர்னமென்ட் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ரயில்வே ஆட்கள் நீங்கள் நன்றாக நடத்துகிறீர்கள், பரிசுக் கோப்பை என் இடுப்பு உயரம் இருக்கிறது. அதில் ஒரு அடியைக் குறைத்துக்கொண்டு, அந்தக் காசில் ஆட்டம் முடியும் வரை ஒரு ஆம்புலன்ஸை நிறுத்தி வையுங்கள். கூடவே மார்பை அழுத்தி உயிர் மீட்கத் தெரிந்த ஒரு ஆள். ஒரு நாளில் கற்றுக்கொள்கிற வித்தைதான். சர்ட்டிஃபிகேட் இருக்கிறதா என்று ரெஃப்ரி விசில் ஊதும் முன் கேட்கட்டும். இல்லை என்றால் ஊதாமல் நிற்கட்டும். நான் ரெஃப்ரியாக வருகிற ஆட்டங்களில் இனி அப்படித்தான் நிற்கப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.